எஸ்தர் போட்ட பழைய ஸ்பிரிங்

எஸ்தருக்கு எதைக் கண்டாலும் பயம். இடி என்றால் பயம், நாய் என்றால் பயம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் பயம். பெரிய காஞ்சிபுரத்தில் ரோட்டைத் தாண்ட வேண்டுமென்றால், ஏதாவது மாடு தாண்டுகிற வரைக்கும் காத்திருந்து அதன் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு போகிற ஆள். இப்படிப்பட்டவள் பிழைப்புக்கென்று பிடித்துக்கொண்டது இன்ஜின் வேலை. அதிலும் வால்வுகள் உட்காருகிற மேல்பாகமான ஹெட் வேலை. புதிதாகக் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடித்துவிட்டு வண்டியைக் கொண்டுவந்து அவளிடமே விடுவார்கள்.

ஏன் விடுகிறார்கள் என்றால், பயந்தவள் எதையும் ஒரு தடவையோடு விடமாட்டாள். போல்ட்டை முறுக்கிவிட்டு வீட்டுக்குப் போனால் சோறு தொண்டையில் இறங்காது. பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு ஷெட்டுக்கு வந்து மறுபடியும் முறுக்கிப் பார்ப்பாள். வால்வை உட்கார வைத்தால், பெட்ரோலை ஊற்றி ஒரு சொட்டு கசிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். இடுப்பு பிடித்துக்கொள்ளும், அப்போதும் நிமிரமாட்டாள். அவளுடைய புருஷன் ராமராஜன் காஞ்சிபுரத்துக்கும் ஐயம்பேட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். “எங்க வீட்டம்மாவுக்கு ஒடம்பு பூரா பயம், அதான் வேல சுத்தம்” என்று சவாரி ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறான். விளம்பரம் என்று வேறு எதுவும் அவளுக்கு இல்லை.

கூரத்தில் பிறந்தவள். அவளுடைய அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டே காலத்தைக் கழித்தவள். எஸ்தர் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஒர்க்ஷாப்பில் கூட்டிப் பெருக்கத்தான் போனாள். அங்கே வால்வைப் பேஸ்ட் தடவித் தேய்க்கிற வேலை ஒன்று உண்டு. மணிக்கணக்காக உட்கார்ந்து உள்ளங்கைக்குள் குச்சியை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். யாருக்கும் பொறுமை கிடையாது. துடைப்பத்தை வைத்துவிட்டு அவள் உட்கார்ந்தாள். அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது ஐயம்பேட்டை ரோட்டில் தகரம் போட்ட சொந்த ஷெட்.

இன்ஜினுக்குப் பயந்தது அவளுக்கு நல்லதையே செய்தது. மனுஷருக்குப் பயந்ததில்தான் வம்பு வந்தது. அந்த வம்பின் பெயர் பரசுராமன்.

பரசுராமன் ஊராட்சித் தலைவராக இருந்து இறங்கியவர். பதவி போய் வருஷங்கள் ஆகியும் எல்லோருக்கும் அவர் தலைவர்தான். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கத்தமாட்டார், கெட்ட வார்த்தை பேசமாட்டார். ஆனால் அவர் நிலத்தில்தான் எஸ்தரின் அம்மா நாற்று நட்டது. அவர் வரப்பில் நடந்து வந்தால் குனிந்திருந்த பெண்கள் இன்னும் கொஞ்சம் குனிவதைச் சின்ன வயதில் பார்த்தவள் எஸ்தர். இன்றைக்கும் அவர் குரலைக் கேட்டால் கையில் இருக்கிற ஸ்பேனர் வியர்த்துப் போகும்.

அவருடைய பழைய பெட்ரோல் ஜீப் இன்ஜின் இறங்கிப்போய் ஷெட்டுக்கு வந்தது. கூட வந்தவன் அவருடைய மகன் பிரேம்நாத். புது மாப்பிள்ளை. பொண்டாட்டி துளசியை ஜவ்வாது மலையில் இருக்கிற குலதெய்வத்துக்கு அழைத்துப் போய்ப் பொங்கல் வைக்க வேண்டும், அதற்கு இந்த ஜீப்தான் வேண்டும் என்று நின்றான். சும்மா சரிசெய்தால் போதாது, வண்டி பறக்க வேண்டுமாம். வால்வைத் தூக்கி இறக்குகிற கேம்ஷாப்டில் மூன்று வகையைப் போனில் படம் காட்டினான்.

“அக்கா, இது கம்பெனிதுலயே வர்றது. இது கொஞ்சம் பெருசு. இது ரேஸுக்குப் போடறது. இதப் போட்டுடலாம்.”

எஸ்தர் படத்தைப் பார்த்தாள். கேமின் மூக்கு பெரிதாக இருக்க இருக்க வால்வை அதிகமாகத் தூக்கும். போனை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“தம்பி, தறி பாத்திருக்கீங்க இல்ல. ஜக்கார்டு பெட்டியில அட்ட இன்னா பண்ணுது? எந்த இழைய எப்ப தூக்கணும்னு சொல்லுது. கேமும் அந்த வேலதான் பண்ணுது. ஆனா தூக்கறதோட முடிஞ்சிடல. தூக்கின இழைய கீழ இழுக்கறதுக்கு அடியில எட கட்டி வுட்டிருப்பாங்க. இங்க அதுதான் ஸ்பிரிங்கு. எட பத்தலன்னா இழை பாதியிலயே நின்னுக்கும், குறுக்க ஓடற நாடா வந்து அறுத்துக்கினு பூடும்.”

“இங்க ஏது நாடா?”

“பிஸ்டன்தான். வால்வு மூடறதுக்குள்ள பிஸ்டன் மேல வந்து முட்டும். முட்டுச்சின்னா இன்ஜின் அப்டியே நின்னுடும்.”

“அப்ப ஸ்பிரிங்க நல்லா டைட்டா போட்டுடுங்க.”

“ரொம்ப டைட்டு போட்டா கேமு மூக்கு மழுங்கிடும் தம்பி. இந்தக் கேமுக்கு இந்த ஸ்பிரிங்குன்னு ஜோடி இருக்குது. ஒண்ண மட்டும் மாத்தக் கூடாது.”

ரேஸ் கேம் வேண்டாம் என்றாள். அது வேகம் எடுத்த பிறகுதான் விழித்துக்கொள்ளும், மலை ஏறுகிற வண்டிக்கு மெதுவாகச் சுற்றும்போதே இழுவை வேண்டும் என்று காரணமும் சொன்னாள். நடுவில் இருந்த கேமும் அதற்கென்று வருகிற ஸ்பிரிங்கும் போதும் என்று முடிவு செய்தாள். பிரேம்நாத் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான், ஆனாலும் சரி என்று கோயம்புத்தூரில் ஒரு கடைக்குச் சொன்னான். இன்ஜின் விஷயம் என்றால் அவளால் இப்படி அழுத்தமாக நிற்க முடியும்.

கேம் வந்து சேர்ந்தது. ஸ்பிரிங் வரவில்லை. வேறு பார்சலில் வருகிறது என்றார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வரவே இல்லை.

அந்தச் சாயங்காலம்தான் பரசுராமன் போன் செய்தார். எங்கள் பக்கம் இன்ஜினைப் பிரித்துக் கோத்தால், முதல் ஸ்டார்ட் வண்டிச் சொந்தக்காரன் கையால் நல்ல நேரத்தில்தான். கற்பூரம், எலுமிச்சம்பழம் எல்லாம் உண்டு. அந்த நேரம் தவறினால் வண்டி நிலைக்காது என்பார்கள்.

“எஸ்தரு, நாளைக்கி ராகு காலத்துக்கு முன்ன ஸ்டார்ட் பண்ணிடலாம். ஐயருக்குச் சொல்லிட்டேன். எல்லாம் ரெடிதானே?”

ஸ்பிரிங் வரவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

“ரெடி தலைவரே.”

போனை வைத்தாள். சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. திரும்பப் போன் போட்டுச் சொல்லலாம். மறுபடியும் அந்தக் குரலைக் கேட்க வேண்டுமே. அதற்குத்தான் அவளால் முடியவில்லை. அதற்குப் பதிலாக ஒரு யோசனை செய்தாள். கழற்றி வைத்த பழைய ஸ்பிரிங்கையே இப்போதைக்குப் போட்டுவிடலாம். பூஜைக்கு வண்டி நின்ற இடத்தில் உறுமினால் போதும். மெதுவாகச் சுற்றுகிற வரைக்கும் பழைய ஸ்பிரிங் தாங்கும். அப்புறம் டாப்பெட் செட்டிங் என்று ஏதாவது சொல்லி வண்டியை இரண்டு நாள் நிறுத்திவைத்து, பார்சல் வந்ததும் மாற்றிவிடலாம். மலைக்குப் போவது அடுத்த வாரம்தான். யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஒண்ண மட்டும் மாத்தக் கூடாது என்று சொன்னவள் தன் கையாலேயே ஒன்றை மட்டும் மாற்றினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லாம் நன்றாகவே நடந்தது. பரசுராமன் சாவியைத் திருப்பினார், இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. ஐயர் கற்பூரம் காட்டினார். எஸ்தர் ஓரமாக நின்று வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் கேட்ட பரசுராமனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. “நாளும் நல்லாருக்குது, வண்டியும் நல்லாருக்குது. அடுத்த வாரம் எதுக்கு, புள்ளைங்க இப்டியே மலைக்குக் கெளம்பட்டும்” என்றார்.

துளசி சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறினாள். பிரேம்நாத் ஸ்டீயரிங்கைத் தட்டினான்.

“தம்பி,” என்றாள் எஸ்தர். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பரசுராமனும் பார்த்தார். “புது இன்ஜினு. மெதுவா போங்க. தொரத்தாதீங்க.”

“சரிக்கா.”

ஜீப் ஓரிக்கை பக்கமாகத் திரும்பி மறைந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு அவள் நின்றாள். பாலாற்றைத் தாண்டுவார்கள், செய்யாறு, ஆரணி, போளூர். அதுவரைக்கும் சமதரை. அப்புறம் மலை. ஏறும்போதுகூட வண்டி முக்கிக்கொண்டு மெதுவாகத்தான் ஏறும். இறங்கும்போதுதான் கண்டம். பிரேக்கை நம்பாமல் சின்ன கியரில் இறக்குவார்கள். அப்போது சக்கரம் இன்ஜினைப் பிடித்துச் சுற்றும், இன்ஜின் கத்தும். கத்துகிற வேகத்துக்குப் பழைய ஸ்பிரிங் ஈடு கொடுக்காது. வால்வு பாதியில் நிற்கும், பிஸ்டன் முட்டும், பின்சக்கரம் இறுகிக்கொள்ளும். வளைவில் இறுகினால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை.

பிரேம்நாத்துக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். அவன் எடுத்து, “மெதுவாதான் போறேன் அக்கா, பயப்படாதீங்க” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. அவள் பயந்தாங்கொள்ளி என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. அவள் போன் செய்தால் யார் அவசரம் என்று நினைப்பார்கள்?

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் கூரியர்காரன் வந்து பார்சலைக் கொடுத்தான். பிரித்தாள். புது ஸ்பிரிங்குகள் எண்ணெய்க் காகிதத்துக்குள் பளபளவென்று இருந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சாப்பாட்டுக்கு வந்த ராமராஜன் அவளைப் பார்த்துப் பதறிப்போனான். விஷயத்தைக் கேட்டதும் அவனும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

“தலைவருகிட்ட நீ சொன்னேன்னு வெச்சுக்கோ, ஷெட்ட மூட வேண்டியதுதான்,” என்றான். “மெதுவாத்தானே போறேன்றான். வந்ததும் ராவோட ராவா மாத்திடு. சொல்லாத எஸ்தரு.”

“எறங்கறப்ப இன்னா ஆவும்?”

“ஒண்ணியும் ஆவாது.”

“ஆயிடுச்சின்னா?”

ராமராஜன் பார்சலைக் கையில் எடுத்து மறுபடியும் கீழே வைத்தான். அவனுக்கும் வண்டி ஓட்டத் தெரியும்.

எஸ்தர் எழுந்து முகத்தைக் கழுவினாள். “என்ன வுட்டுட்டு வாங்க” என்று ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். பார்சல் மடியில் இருந்தது.

பரசுராமன் வீட்டுக் கூடத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் ஏதோ ஊர்வலமாம், அதைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. எஸ்தர் வாசற்படியிலேயே நின்றாள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தால் தைரியம் ஓடிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

“தலைவரே, ஜீப்புல புது கேமு போட்டு பழைய ஸ்பிரிங்கு போட்டிருக்கேன். தப்பு. நேத்து நீங்க கேட்டப்ப ரெடின்னு சொன்னது பொய்யி. எறங்கறப்ப இன்ஜினு பூட்டிக்கும். வண்டிய மலையிலயே நிறுத்தணும். தம்பி என் போன எடுக்க மாட்டேன்றாரு.”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். பரசுராமன் அவளைப் பார்த்த பார்வையை அவள் பார்க்கவில்லை. அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போனை எடுத்து மகனுக்குப் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மருமகளுக்குப் போட்டார். அதுவும் அப்படியே. மறுபடியும் போட்டார், மறுபடியும். அந்தப் போனில் வருகிற பெண் குரல் ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னது. கொன்றுவிட்டேன் என்று எஸ்தர் நினைத்தாள். ரெண்டு பேரையும் நான் கொன்றுவிட்டேன்.

கடைசியில் துளசி எடுத்தாள். கோயிலுக்கு மேலே ஒரு பாறையில்தான் சிக்னல் கிடைக்கிறது, போட்டோ எடுக்க ஏறினேன், பொங்கல் வைத்தாயிற்று, இதோ கிளம்பப் போகிறோம் என்றாள்.

“கெளம்பாதீங்க,” என்றார் பரசுராமன். “சாவிய அவன்கிட்ட இருந்து வாங்கி நீ வெச்சுக்கோ. நான் வர்ற வரைக்கும் குடுக்காத.”

போனை வைத்துவிட்டு எஸ்தரிடம், “வழியில ஷெட்டுல சாமானெல்லாம் எடுத்துக்கோ, கார்ல ஏறு” என்றார். காரில் முன்னால் உட்கார்ந்தவர் போளூர் வரைக்கும் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மலைப்பாதை ஆரம்பித்ததும் அவள் வளைவு ஒவ்வொன்றிலும் எட்டிக் கீழே பார்த்தாள். பார்க்காமலும் இருக்க முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

கோயில் புளியமரத்தடியில் ஜீப் நின்றிருந்தது. பிரேம்நாத் முகத்தில் சிரிப்பு இல்லை. “ஏர்றப்ப ஒரு எடத்துல நல்லா மிதிச்சேன் அக்கா. பட்டுபட்டுன்னு உள்ள அடிச்சிது. நான் புது இன்ஜினு அப்டித்தான் போலன்னு நெனச்சிக்கினேன்,” என்றான். எஸ்தர் பானெட்டைத் திறந்தாள்.

பூசாரி வீட்டில் துணி காயப்போடுகிற பருத்திக் கயிற்றைக் கேட்டு வாங்கினாள். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கயிற்றைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனை மெல்ல மேலே கொண்டுவந்தாள். கயிறு உள்ளே சுருண்டு வால்வை அடியிலிருந்து தாங்கிக்கொள்ளும். அப்போது ஸ்பிரிங்கைக் கழற்றினாலும் வால்வு உள்ளே விழாது. ஹெட்டைக் கழற்றாமல் ஸ்பிரிங் மாற்ற இது ஒரு வழி. ஒவ்வொரு சிலிண்டராக அப்படியே செய்தாள். கடைசியில் கயிற்றை உருவிவிட்டு, பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு இன்ஜினைச் சுற்றச் சொன்னாள். நான்கிலும் காற்று விரலைத் தள்ளியது. ஒன்றில் மட்டும் கொஞ்சம் குறைவாகத் தள்ளியதோ என்று சந்தேகம். வால்வு வளைந்திருந்தால் காற்று அப்படித்தான் கசியும். இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள். சந்தேகம் போகவில்லை.

எல்லாவற்றையும் பூட்டி ஸ்டார்ட் செய்தபோது வெயில் சாய்ந்திருந்தது. துளசி ஜீப்பின் அருகே வந்தாள்.

“ஏறலாமா அக்கா?”

“நீ மாமாகூட கார்ல வாம்மா,” என்றாள் எஸ்தர். “இதுல நான் ஒக்காந்துக்கறேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. தான் வேலை பார்த்த வண்டியில் ஒரு வளைவுகூட ஏறி இறங்காதவள். ஜீப்பின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிரேம்நாத் இரண்டாவது கியரில் இறக்கினான். இன்ஜின் கத்தத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் அவளுக்கு உயிர் போய்விட்டு வந்தது. கண்ணை மூடலாம் என்றால், மூடினால் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது. பட்டு என்று ஒரு சத்தம் வருமா, இப்போது வருமா, இந்த வளைவில் வருமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தாள். கர்த்தாவே கர்த்தாவே என்று சொன்னது வெளியே கேட்டதோ என்னவோ, பிரேம்நாத் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவன் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

சத்தம் வரவில்லை. மரங்கள் விலகி, வயல் தெரிந்து, ரோடு நேரானது. பின்னால் வந்த காரும் பக்கத்தில் வந்து நின்றது. பரசுராமன் இறங்கி வந்தார். ஜீப்பைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பானெட்டில் கை வைத்துப் பார்த்தார். அவருக்கும் உள்ளே இருந்த பாரம் இறங்கியிருக்க வேண்டும். குரல் பழையபடி சாதாரணமாக வந்தது.

“சரி, பொழச்சாங்க. நாளைக்கி காலைல ஊர்வலத்துக்கு இந்த வண்டிதான் முன்னால போவணும். ரெடிதானே?”

எஸ்தருக்கு ரெடி என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டால் எவ்வளவு சுலபம். இவ்வளவு தூரம் ஒழுங்காக இறங்கி வந்த வண்டிதானே. கட்டைவிரலில் அந்த ஒரு சிலிண்டரின் காற்று இன்னும் இருந்தது.

“ரெடி இல்ல தலைவரே,” என்றாள். “ஏர்றப்ப வால்வு முட்டியிருக்குது. எந்த அளவுக்குன்னு ஹெட்ட எறக்கிப் பாத்தாத்தான் தெரியும். வண்டி ஷெட்டுக்குத்தான் போவும், பாக்கற வரைக்கும் குடுக்க மாட்டேன்.”

பரசுராமன் அவளைப் பார்த்தார். இந்தத் தடவை அவள் அவர் காலைப் பார்க்கவில்லை. அவர் திரும்பிப் போய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிரேம்நாத் ஜீப்பை மெதுவாக எடுத்தான். கார்க் கதவைச் சாத்திய சத்தம் கோபச் சத்தமா சும்மா சாத்தியதா என்று எஸ்தருக்குப் புரியவில்லை. ஆரணி வருகிற வரைக்கும் அதையே நினைத்துப் பயந்துகொண்டு வந்தாள்.